பேலியோ உணவுமுறை: நம் சமையலறையில் தொடங்குவது எப்படி?

அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, பாக்கெட் தின்பண்டம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இறைச்சி, மீன், முட்டை, காய், கீரை, கொட்டை, கொஞ்சம் பழம், கொஞ்சம் கிழங்கு என்று வயிற்றை நிரப்பினால் அதுதான் பேலியோ. வேளாண்மை தொடங்கிச் சுமார் 12,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் லட்சக்கணக்கான ஆண்டுகள் மனிதரும் அவர்களின் மூதாதையரும் வேட்டையாடியும் பொறுக்கியும் தோண்டியும்தான் உயிர் வாழ்ந்தார்கள். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்களின் வயதே 15 லட்சம் ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த உணவுக்குப் பழகிய உடல் இது, அதையே கொடுத்தால் சர்க்கரை நோயும் உடல்பருமனும் அடங்கும் என்பது இம்முறையின் வாதம். 1985-ல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு முன்னணி மருத்துவ இதழில் இதைக் கட்டுரையாக எழுதிய பிறகு மருத்துவர்களும் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் மூன்று மாதத்தில் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும், எங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

சமைப்பதற்கு முன் ஒரு தெளிவு

ஆதிமனிதர் உணவு என்று ஒரே ஒரு பட்டியல் எங்கும் இருந்ததில்லை. ஆர்க்டிக் பனியில் இனுவிட் மக்கள் கடல்நாய், திமிங்கிலம், மீன் என்று கிட்டத்தட்ட முழுக்க மாமிசத்திலேயே வாழ்ந்தார்கள். தான்சானியாவின் ஏயாசி ஏரிப் பக்கம் இன்றும் வேட்டையாடும் ஹட்சா மக்கள் இறைச்சியோடு கிழங்கு, காட்டுப் பழம், பெருக்க மரத்தின் காய், கூடவே நிறையத் தேனும் சாப்பிடுகிறார்கள். இலங்கையின் பாகியங்கல குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் குரங்கையும் மலை அணிலையும் வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள்; எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கலிலேயாக் கடலோரம் ஓஹாலோ என்ற இடத்தில், விவசாயம் பிறக்க வெகுகாலம் முன்பே, 23,000 ஆண்டுகளுக்கு முன், காட்டுத் தானியத்தை அரைத்த கல் கிடைத்திருக்கிறது.

ஆகவே மாவுச்சத்தே ஆகாது என்பது ஆதிமனிதர் போட்ட விதி இல்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது வேறு: சர்க்கரை, மைதா, ஆலையில் சுத்திகரித்த எண்ணெய், பாட்டில் பானம் எதுவும் கிடையாது. தேன் தவிர இனிப்பு இல்லை. கிழங்கும் காயும் நார் நிறைந்தவை, மென்று தீர வேண்டியவை. காட்டு விலங்கின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு.

இதை ஏன் இங்கேயே சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவியிருப்பது பெரும்பாலும் குறைமாவு நிறைகொழுப்பு உணவுமுறை. காலையில் 100 பாதாம், இடையில் பட்டர் டீ, மதியம் பனீரும் காயும், இரவு அரைக் கிலோ இறைச்சி. சர்க்கரை நோயாளிக்கும் அதிக எடை உள்ளவருக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வெண்ணெயும் பனீரும் கற்காலத்தில் கிடையாது; கால்நடை வளர்க்க ஆரம்பித்த பிறகு வந்தவை. உங்களுக்கு எது தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரை நோய், அதன் முன்நிலை, பெரிய வயிறு, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு நாளுக்கு 50 கிராம் அளவில் மாவுச்சத்து வைக்கும் குறைமாவு வழி பொருந்தும். அவை எதுவும் இல்லாமல் உடலுழைப்போடு இருப்பவர் கிழங்கையும் பழத்தையும் சேர்த்து 100 முதல் 130 கிராம் வரை போகலாம். ஒரு தட்டுச் சோறு, அதாவது வெந்த சாதம் 300 கிராம், 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து தரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் அளவு புரியும்.

பலன் இருக்கிறதா? 1984-ல் கெரின் ஓடீ என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் இருந்த 10 ஆஸ்திரேலியப் பழங்குடியினர் 7 வாரம் தங்கள் காட்டுக்கே திரும்பிப்போய் வேட்டையாடி வாழ்ந்தார்கள். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது, ரத்தச் சர்க்கரை வெகுவாக இறங்கியது. 2007-ல் ஸ்வீடனில் இதய நோயுள்ள 29 ஆண்களை வைத்து 12 வார ஆய்வு நடந்தது. பேலியோ சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன், மத்தியதரைக் கடல் பாணி உணவு சாப்பிட்டவர்களைவிட அதிகம் தேறியது. இரண்டுமே சிறிய, குறுகிய கால ஆய்வுகள். பத்து இருபது ஆண்டுக்கு என்ன ஆகும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ரத்தப் பரிசோதனை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்கிறோம்.

படி 1: மருந்து சாப்பிடுகிறீர்களா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இன்சுலின் போடுபவரும், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவரும் சோற்றை மட்டும் நிறுத்திவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். தூக்கத்தில் நடந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்தளவைக் குறைப்பது முதல் நாளிலேயே தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும், நீங்களாகக் குறைக்கக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளில் வேறு விதமான ஆபத்து. மாவுச்சத்தை மிகவும் குறைக்கும்போது ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை ஏறக்குறைய சரியாகவே காட்டும் என்பதால் நோயாளிக்குச் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் குறைமாவு வழிக்கு வரவே கூடாது.

ரத்த அழுத்த மாத்திரையும் கவனிக்கப்பட வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் உப்பும் நீரும் அதிகம் வெளியேறுவதால் அழுத்தம் இறங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் பழுதானவர்கள், வளரும் குழந்தைகள், முன்பு பட்டினி கிடந்து உடலைக் கெடுத்துக்கொண்ட பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துத் தொடங்க வேண்டாம்.

படி 2: பரிசோதனையும் அளவும்

12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து ரத்தம் கொடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்புப் பரிசோதனை முழுவதும், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் பரிசோதனை, யூரிக் அமிலம், தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12 ஆகியவை போதும். யூரிக் அமிலம் ஏற்கெனவே அதிகம் என்றால் முதல் சில வாரங்களில் மூட்டுவலி கிளம்பலாம். சிறுநீரகக் கல் வந்தவர் பாதாமையும் பசலைக் கீரையையும் அள்ளிச் சாப்பிடக் கூடாது, இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். பித்தப்பைக் கல் உள்ளவருக்குத் திடீர்க் கொழுப்பு வலியைக் கிளப்பும்.

எடையோடு இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். நம்மைப் போன்ற தெற்காசியருக்கு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகம். எடை இயந்திரம் நகராத வாரங்களில் இந்த டேப்தான் உண்மையைச் சொல்லும்.

படி 3: அடுக்களையில் ஒளிந்திருக்கும் மாவு

அரிசி, ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், வெல்லம், கருப்பட்டி போக வேண்டும் என்பது தெரிந்த விஷயம். கம்பு, கேழ்வரகு, தினை, சாமையும் தானியம்தான். சிறுதானியம் என்பதால் விலக்கு இல்லை. துவரை, உளுந்து, கடலை, நிலக்கடலை எல்லாம் பயறு வகை என்பதால் பேலியோவில் சேராது. தெரியாமல் வாய்க்குள் போவது வேறு பொருள்கள் வழியாக. சாம்பார்ப் பொடியில் துவரையும் கடலைப்பருப்பும் இருக்கிறது. வீட்டில் அரைக்கும் குழம்பு மிளகாய்த் தூளில் அரிசி, பருப்பு சேர்ப்பவர் பலர். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா அல்லது அரிசி மாவு கலந்திருக்கும். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை, சிக்கன் 65-ல் சோளமாவு, பரோட்டாக் கடைச் சால்னாவிலும் பொட்டுக்கடலை.

பொடியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: மல்லி 200 கிராம், காய்ந்த மிளகாய் 100 கிராம், மிளகு 30 கிராம், சீரகம் 30 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, விரலி மஞ்சள் இரண்டு துண்டு. தனித்தனியாக வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறிய பின் அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் நீர்கோத்துக் கட்டி பிடிக்கும். பருப்பு இல்லாததால் குழம்பு தண்ணீராக நிற்கும். அதற்குத் தேங்காயும் ஒரு மேசைக்கரண்டி எள்ளும் அரைத்து விடுங்கள், கெட்டிப்படும்.

எண்ணெயில் செக்குத் தேங்காய் எண்ணெய், செக்கு நல்லெண்ணெய், நெய் ஆகியவை போதும். மொத்தமாக நாளுக்கு ஒருவருக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி. உப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: பேலியோவுக்கு வந்தவுடன் பலர் இந்துப்புக்கும் சாதாரணக் கல் உப்புக்கும் மாறுகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. கடல் மீனும் சாப்பிடாதவர் அயோடின் உப்பையே வைத்துக்கொள்வது தைராய்டுக்கு நல்லது.

படி 4: நான்கு வாரத்தில் மாறுவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துபவர் ஐந்தாம் நாள் தலைவலி தாங்காமல் பிரியாணிக் கடைக்குப் போய்விடுகிறார். மருந்து சாப்பிடுபவருக்கும் படிப்படியான மாற்றமே பாதுகாப்பு, அளவைத் திருத்த மருத்துவருக்கு அவகாசம் கிடைக்கும்.

முதல் வாரம் சர்க்கரை, இனிப்பு பானம், பேக்கரி, மிக்சர், முறுக்கு மட்டும் நிறுத்தம். டீ, காபியில் சர்க்கரை இல்லை. வெல்லம் மாற்று ஆகாது. இரண்டாம் வாரம் காலை உணவு மாறும்: இட்லி, தோசை, பொங்கலுக்குப் பதில் முட்டை. மூன்றாம் வாரம் இரவில் சப்பாத்தி, தோசை போய் இறைச்சியும் காயும். நான்காம் வாரம்தான் மதியச் சோற்றை நிறுத்துவது. நம்மில் பெரும்பாலோருக்கு மதியச் சோறே கடினமான இடம், அதனால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம்.

படி 5: தட்டில் எவ்வளவு?

புரதத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். உங்கள் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம். 65 கிலோ இருக்க வேண்டியவருக்கு 80 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், எலும்பில்லாத கோழி அல்லது ஆட்டிறைச்சி பச்சையாக 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம், மீனிலும் அதே அளவு, பனீர் 100 கிராமில் 18 கிராம் புரதம் உண்டு. கடையில் எலும்போடு வாங்கும்போது மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

குறைமாவு வழியில் ஒரு நாள் இப்படிப் போகும். காலையில் மூன்று முட்டை, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் நான்கு சேர்த்து ஒரு தேக்கரண்டி நெய்யில் ஆம்லெட். மதியம் 150 கிராம் மீன் போட்ட குழம்பும், 300 கிராம் காய்ப் பொரியலும், அல்லது காலிஃபிளவர் சாதமும். நான்கு மணிக்குப் பசித்தால் 30 பாதாம். இரவு எலும்பில்லாமல் 200 கிராம் கோழி, வெள்ளரிக்காய், கீரை மசியல். புரதம் 95 கிராம் அளவில் வரும், மாவுச்சத்து 50-க்குள் நிற்கும்.

கிழங்கு வழியில் இதே தட்டோடு அவித்த சர்க்கரைவள்ளி 150 கிராமும் ஒரு கொய்யாவும் ஒரு சிறு வாழைப்பழமும் சேரும். சேனை, கருணை, சேம்பு, பனங்கிழங்கும் ஆகும். மரவள்ளியைத் தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் கிழங்கும் தேங்காயும் மீனும் பழமும் தின்று வாழ்ந்த மக்களிடம் 1989-90 வாக்கில் ஆய்வு செய்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ இருந்ததற்கான தடயமே காணவில்லை. அவர்கள் உணவில் மூன்றில் இரண்டு பங்குச் சக்தி மாவுச்சத்திலிருந்துதான் வந்தது. நோயில்லாதவர் கிழங்கைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

காய்களில் கீரை, புடலை, சுரை, பீர்க்கை, வெண்டை, கத்தரி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், அவரை, பீன்ஸ் ஆகியவை தினமும் ஆகும். அவரையும் பீன்சும் பயறு இனம்தான் என்றாலும் பச்சைக் காயாகச் சாப்பிடுவதில் தடை இல்லை. கேரட், பீட்ரூட், வெங்காயம் அளவோடு. மீனில் மத்தி, அயிலை, நெத்திலிக்கு முதலிடம்: விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பு அதிகம், நெத்திலியை முள்ளோடு தின்றால் பால் சாப்பிடாதவருக்குக் கால்சியமும் கிடைக்கும். சுறா மாதிரியான பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அடிக்கடி வேண்டாம். வாரம் ஒருமுறை 100 கிராம் ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி (மண்ணீரல்) சாப்பிட்டால் இரும்பும் பி12-ம் நிறைவாகக் கிடைக்கும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், தினமும் வேண்டாம்.

காலிஃபிளவர் சாதமும் பாதாமும்

புதியவர்கள் அதிகம் சொதப்புவது இந்த இரண்டில்தான்.

ஒருவருக்கு 300 கிராம் காலிஃபிளவர் பூ. மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்தால் புழு வெளியே வந்துவிடும். எடுத்து வடித்து, துணியில் பரப்பி அரை மணி நேரமாவது உலரவிடுங்கள். ஈரத்தோடு துருவினால் கடைசியில் கூழ்தான் கிடைக்கும். காரட் துருவியில் பெரிய கண்ணில் துருவ வேண்டும். மிக்சியில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இரண்டு சுற்று மட்டும். அகலமான வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு தாளித்து, தீயைக் கூட்டி வைத்து ஐந்து நிமிடம் கிளறுங்கள். மூடி போடாதீர்கள், ஆவி உள்ளேயே நின்று பச்சை வாடை அடிக்கும். உப்பை இறக்கும்போது போடுங்கள். முன்னாலேயே போட்டால் நீர் விடும். தட்டில் போட்டவுடன் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட வேண்டும். இதில் மாவுச்சத்து 10 கிராம் அளவுதான்.

பாதாம்: இரவு உப்புத் தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, கழுவி, துணியில் ஈரம் ஒற்றி எடுத்து, கனமான வாணலியில் மிகச் சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் வறுக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு தேக்கரண்டி நெய். ஆறிய பின் ஒன்றைக் கடித்துப் பார்த்தால் 'கடக்' என்று ஒடிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் இரண்டு நாளில் பூசணம் வரும். வெயில் காலத்தில் ஊறும் தண்ணீரை ஒருமுறை மாற்றுங்கள். கசக்கும் பருப்பைத் துப்பிவிடுங்கள். 100 பாதாம் என்பது சுமார் 120 கிராம், 700 கலோரி. அது ஒரு முழு வேளை உணவு. ஆம்லெட்டுக்கு மேல் கொறிப்பதற்காக நூறைச் சாப்பிட்டால் எடை குறையாது. குள்ளமான, வேலை குறைவான உடலுக்கு 50 போதும்.

சைவம் சாப்பிடுபவர்

முட்டையாவது சாப்பிட்டால் சமாளிக்கலாம்: நாளுக்கு நான்கு முட்டை, 200 கிராம் பனீர், பாதாம், தயிர். ஒரு லிட்டர் முழுக் கொழுப்புப் பாலைத் திரித்தால் 180 முதல் 200 கிராம் பனீர் கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்றால், சுத்த பேலியோவில் புரதம் போதாமல் போவது நிச்சயம். பருப்பை விலக்கிவிட்டுப் புரதப் பஞ்சத்தில் கிடப்பதைவிட முளைகட்டிய பயறும் சுண்டலும் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு, சர்க்கரையையும் மைதாவையும் சோற்றின் அளவையும் குறைப்பது மேல். அதற்குப் பேலியோ என்று பெயர் இல்லாவிட்டாலும் உடம்புக்கு நல்லது அதுதான்.

எங்கே சறுக்கும்?

மூன்றாம் நாள் தலைவலி, சோர்வு, எரிச்சல். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காமல் வெளியேற்றும். எலுமிச்சைச் சாற்றில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு நாளுக்கு ஒன்றிரண்டு டம்ளர் குடித்தால் பெரும்பாலும் ஒரே நாளில் தெளியும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. இரவில் கெண்டைக்கால் பிடித்தால் கீரை, தேங்காய், பாதாமைக் கூட்டிப் பாருங்கள்.

முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் கொண்டாட வேண்டாம். உடல் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும், ஒவ்வொரு கிராமோடும் ஒட்டியிருந்த மூன்று கிராம் அளவு தண்ணீரும் போயிருக்கிறது. அதன் பின் வாரத்துக்கு அரைக் கிலோ நல்ல வேகம். ஒரு கல்யாண விருந்தில் சோறு சாப்பிட்ட மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறினாலும் அதே தண்ணீர்தான், கொழுப்பு அல்ல.

மலச்சிக்கல் வந்தால் இறைச்சியைக் குறை சொல்வதற்கு முன் காயை எடை போட்டுப் பாருங்கள். நாளுக்கு 500 கிராம் காயும் கீரையும் போக வேண்டும். பலர் தட்டில் 150 கிராம்கூட இருக்காது. பனீரைக் கூட்டியவர்களுக்கும் இது வரும்.

இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொட்டுவது வேகமான எடைக் குறைப்பின் விளைவு. மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு, அதிலும் புரதத்தைக் குறைத்தவர்களுக்கு அதிகம். பசி எடுக்கவில்லை என்று நாளுக்கு ஒரு வேளையில் நிறுத்திக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எடை நின்றுபோனால் கொழுப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்டர் டீயில் 30 கிராம் வெண்ணெய், பொரியலில் மூன்று கரண்டி எண்ணெய், பனீர், பாதாம் எல்லாம் கூடும்போது கலோரி சோற்றுத் தட்டைத் தாண்டிவிடுகிறது. உடலில் இருக்கும் கொழுப்பைக் கரைக்க வந்தவருக்கு வெளியிலிருந்து அவ்வளவு கொழுப்பு தேவையில்லை. பட்டர் டீயை நிறுத்தினாலே பலருக்கு மறுபடி இறங்க ஆரம்பிக்கும்.

வெளியே சாப்பிட வேண்டி வந்தால் தந்தூரி, அவித்த முட்டை, மட்டன் சுக்கா, மீன் வறுவல் (மாவு தடவாமல்) கேளுங்கள். கிரேவியில் முந்திரி, சோளமாவு, சர்க்கரை மூன்றும் இருக்கலாம். ஓட்டல் ஆம்லெட்டில் மைதா கலப்பது உண்டு. அவித்த முட்டையில் கலக்க வழியில்லை.

நடையை விட்டுவிட்டு உணவை மட்டும் ஆதிமனிதர் போல ஆக்குவதும் சறுக்கல்தான். ஹட்சா மக்கள் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் மூச்சுவாங்க உழைக்கிறார்கள். சாப்பிட்டபின் 15 நிமிட நடையும், வாரம் மூன்று நாள் எடை தூக்கலும் இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

மூன்று மாதம் கழித்து

சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதத்துக்கு முன் பார்த்தால் முழுப் பலன் தெரியாது. அதோடு கொழுப்புப் பரிசோதனையையும் கிரியாட்டினினையும் திரும்பப் பாருங்கள். டிரைகிளிசரைடு பெரும்பாலும் இறங்கியிருக்கும். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சிலருக்கு ஏறும், சிலருக்கு மிக அதிகமாக ஏறும். "பேலியோவில் கொலஸ்ட்ரால் ஏறினால் கவலை இல்லை" என்று உங்களிடம் சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2013-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், நான்கு நிலப்பகுதிகளைச் சேர்ந்த 137 மம்மிகளை ஸ்கேன் செய்தபோது மூன்றில் ஒரு பங்கினருக்கு ரத்தக்குழாய் அடைப்பின் தடயம் இருந்தது. வேட்டையாடி வாழ்ந்த அலூசியத் தீவு மக்களின் உடல்களும் அதில் அடக்கம். எல்டிஎல் ஏறியவர் வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், பனீரைக் குறைத்து, தோலில்லாத கோழி, மீன், நல்லெண்ணெய், கொட்டைகளுக்கு மாறி, கொஞ்சம் கிழங்கைச் சேர்த்து, 6 முதல் 8 வாரத்தில் மறுபடி பார்க்கட்டும். அப்போதும் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

எண்கள் சீராகி, எடையும் நிலைபெற்ற பின் விட்ட உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரலாம். வாரத்துக்கு ஒரு உணவு மட்டும். சாப்பிடுவதற்கு முன்பும், முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். முதல் வாரம் அவித்த சர்க்கரைவள்ளி 100 கிராம், அடுத்த வாரம் சுண்டல் ஒரு கிண்ணம், அதற்கடுத்து காய், மீனோடு சேர்த்து 75 கிராம் சாதம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இரண்டாம் மணியில் 140-க்குள், நோய் உள்ளவருக்கு 180-க்குள் நின்றால் அந்த அளவை உங்கள் உடல் தாங்குகிறது. தாண்டினால் பாதியாகக் குறைத்து இன்னொரு நாள் பாருங்கள். அப்போதும் தாண்டினால் அந்த உணவை இன்னும் மூன்று மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.